பெலும் என்று எழுதினாள்

எட்டு விளக்கும் எரிகிறது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, பச்சையாக, கண்ணெதிரே எரிகிறது. பிறகு எப்படி ஒன்றுமே இல்லை என்கிறாய்?

மெல்தா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. திரையும் தன் வரியை மாற்றிக்கொள்ளவில்லை. டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு, கீழே ஒரு சின்னக் கோட்டைத் துடிக்கவிட்டபடி நின்றது.

பாடாங் நகர இரத்த வங்கியின் பின்பக்க அறை அது. காலை ஒன்பது மணிக்கே ஏசி எலும்பைத் தொட்டது. மூலையில் பத்து வருடப் பழைய சர்வர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் பேரின் பெயர், இரத்த வகை, போன் நம்பர், கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி எல்லாம் அதற்குள் இருந்தன. போன வாரம் அது இரண்டு முறை தானாக நின்று போயிற்று. இன்றைக்கு இந்தப் புதிய சர்வரில் இயங்குதளத்தை மதியத்துக்குள் ஏற்றி ஒப்படைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் இதற்கு மாற்ற வேண்டும். ஓ.எஸ். ஏற்றுவது மெல்தாவுக்குச் சோறு வடிப்பதுபோல. நாற்பது நிமிட வேலை.

அவள் இயந்திரத்தை அணைத்து, மூடியின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்துத் திறந்தாள். உள்ளே, எட்டு டிஸ்க்கின் வயர்களும் போய்ச் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்தில் அந்தக் கார்டு இருந்தது. மாடல் நம்பரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் இதே மாடலை மூன்று நாள் மேசையில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

டிஸ்க்குகள் நேராகப் பேசாது. கார்டு வழியாகத்தான் பேசும். கார்டின் பாஷை ஓ.எஸ்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய பதிப்புக்கு இந்தக் கார்டின் பாஷை தெரியும். புதிய பதிப்பைச் செய்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். மறந்துபோய் விட்டதல்ல. வேண்டாம் என்று உட்கார்ந்து பேசி எடுத்தது.

குடோனில் யாரோ மெஷினை மாற்றி ஏற்றிவிட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. போனை எடுத்தாள். மறுமுனையில் தெருவின் இரைச்சலோடு யெல்மி வந்தாள். கம்பெனி அவளுடையது. மெல்தாவைவிட ஆறு வயது மூத்தவள் என்பதால் ஊனி. அக்கா.

"ஊனி, வேற மெஷினை ஏத்தி விட்டுட்டாங்க போல. இதுல அந்தப் பழைய கார்டு இருக்கு."

"எந்தப் பழைய கார்டு?"

"மாமா குடோன்லேர்ந்து கொண்டு வந்தீங்களே. நான் மூணு நாள் கட்டிப் புரண்டேனே, அது."

"ஓ, அதுவா." பின்னால் ஒரு ஹாரன் அடித்து ஓய்ந்தது. "சாப்டியா?"

"இல்ல."

"கெத்துப்பாட் வாங்கிட்டு வரேன். பெரணிக்கீரைக் குழம்பா, பலாக்காயா?"

"ஊனி, இந்தக் கார்டு..."

"வந்து பேசிக்கலாம்டீ. வயிறு காலியா இருந்தா உனக்கு எல்லாமே பிரச்சினையாத் தெரியும்."

போன் அணைந்தது. மெல்தா அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். யெல்மி கோபக்காரி. தப்பான மெஷின் போனால் குடோன்காரனை நார் நாராகக் கிழித்துவிட்டுத்தான் மறுவார்த்தை பேசுவாள். இன்றைக்கு அவள் சாப்டியா என்று கேட்டாள்.

இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. தெருவில் நின்று பேசியிருப்பாள். காதில் விழுந்திருக்காது. மெல்தா யெல்மிக்காகக் காரணம் தேடினாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தும் தேடினாள். ஐந்து வருடத்துக்கு முன் பாத்தாம் தீவிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு, கல்யாண வாழ்க்கையை அங்கேயே முறித்துக்கொண்டு வந்து இறங்கியபோது, என்ன நடந்தது என்று கேட்காத ஒரே ஆள் யெல்மிதான். தன் வீட்டு மாடி அறைச் சாவியைக் கொடுத்து, "தண்ணி காலைல அஞ்சு மணிக்கு வரும், பிடிச்சு வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கேட்காத குணத்தின் மேல்தான் மெல்தா இந்த ஐந்து வருடத்தையும் கட்டியிருந்தாள்.

கதவு திறந்தது. வங்கியின் பொறுப்பாளர் டாக்டர் ஹெர்லினா கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி வந்தார். சின்ன உருவம். கையில் ஒரு கோப்பு.

"மெல்தா, ஒரு சந்தேகம் கேக்கலாமா? நான் கம்ப்யூட்டர் படிச்சவ இல்ல."

"கேளுங்க டாக்டர்."

"இங்க 'பெலும்'னு எழுதியிருக்கியே, அது இப்ப வந்துடுச்சா?"

கோப்பில் இருந்தது அவளுடைய பக்கம். மூன்று நாள் சோதனையின் அட்டவணை. அதன் கீழே அவள் கைப்பட எழுதிய ஒரே வரி: இந்தக் கார்டுக்குப் புதிய பதிப்பில் ஆதரவு பெலும். அதற்கும் கீழே அவள் கையெழுத்து.

பெலும். இன்னும் இல்லை. அந்த ஊரில் பெரியவர்களிடம் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் 'இன்னும் இல்லை' என்பார்கள். யெல்மியின் சித்தி சனியார் அறுபத்துமூன்று வயதில் ஆஸ்பத்திரிப் படிவத்தில் திருமணம் என்ற இடத்தில் பெலும் என்று போட்டாள். நர்ஸும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"இது... உங்ககிட்ட எப்படி டாக்டர்?"

"டெண்டரோட யெல்மி வச்சிருந்தா. நானும் கேட்டேன், இதென்ன பெலும்னு. இன்னும் வரல, மெஷின் வந்து இறங்குறதுக்குள்ள வந்துடும்னா." டாக்டர் பக்கத்தைப் பிரியமாகத் தடவினார். "வேற ரெண்டு கம்பெனிக்காரங்க எல்லாம் பக்கான்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. நீ மட்டும்தான் குறையையும் எழுதியிருந்தே. குறையை எழுதுறவங்கள நம்பலாம்னு எனக்குப் பட்டுது."

மெல்தாவுக்குக் காது சுட்டது. "பாத்துக்கிட்டிருக்கேன் டாக்டர்" என்றாள்.

அதுவும் ஒரு பெலும்தான் என்று டாக்டர் போன பிறகு தோன்றியது.

பேச்சு நான்கு வகை என்று அவர்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மேட்டில் ஏறுவது பெரியவர்களுக்கு. பள்ளத்தில் இறங்குவது சின்னவர்களுக்கு. சமதளத்தில் நடப்பது தோழமைக்கு. நான்காவது, சரிவில் சாய்ந்து போவது. சம்பந்தி, மாப்பிள்ளை, மதிப்பு வைத்து நடக்க வேண்டிய ஆள், இவர்களிடம் விஷயத்தை நேரே வைக்காமல் ஓரமாகச் சாய்த்து வைப்பது. யெல்மியை ஊனி என்று அழைத்தாலும் மெல்தா அவளோடு சமதளத்தில்தான் நடந்தாள். கார்டைச் சோதித்து முடித்த அன்றைக்குக் கூட. மழையில் கார் நகராமல் நின்றிருந்த அந்த அரைமணி நேரத்தில் அவள் சாய்க்காமல்தான் சொன்னாள்.

"இது வராது ஊனி. எடுத்துட்டாங்க. இனிமே எப்பவும் வராது."

யெல்மி கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சரி விடு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ எழுதி மட்டும் கொடு. கொஞ்சம் சாய்ச்சு எழுதுடீ, மாமா படிப்பார்."

மூடிப்போன ஒரு கம்பெனியின் சர்வர்களை மொத்தமாக வாங்கிக் குடோனில் அடுக்கி வைத்திருந்தவர் யெல்மியின் தாய்மாமன். அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் இருமினால் வீடே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடும். அவர் வாங்கிய சரக்கு ஆகாது என்று ஒரு பெண் காகிதத்தில் எழுத முடியாது. மெல்தாவுக்கு அது புரிந்தது. சாய்த்து எழுதினாள். வாயால் சொன்ன இல்லையை யெல்மி மாமாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள் என்று நம்பினாள்.

யெல்மி வந்தபோது அவளுக்கு முன்னால் குழம்பு வாசனை வந்தது. இரண்டு பொட்டலங்களை மேசையில் வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கே. முதல்ல சாப்பிடு."

"என் ரிப்போர்ட்டை டெண்டர்ல வச்சீங்களா?"

யெல்மி பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். "வச்சேன். நீ எழுதினது அப்படியே. ஒரு புள்ளி மாத்தினேனா?"

"கார்ல என்ன சொன்னேன்?"

"கார்ல ஆயிரம் பேசுவோம். என் புருஷனைக்கூட நான் கார்ல எத்தனை தடவை கொன்னு போட்டிருக்கேன்."

மற்ற நாளாக இருந்தால் மெல்தா சிரித்திருப்பாள்.  

"எப்பவும் வராதுன்னு சொன்னேன் ஊனி."

"எழுதலையே."

"நீங்கதானே சாய்ச்சு எழுதச் சொன்னீங்க. மாமா படிப்பார்னு."

யெல்மி கெத்துப்பாட்டின் சோற்றுக் கட்டியை விரலால் துண்டு போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மெல்தாவுக்கு அது தெரிந்தது. மாமா எதையும் படிக்கிறவர் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட யாராவது வாசித்துக் காட்டினால் தலையாட்டுகிறவர். சாய்க்கச் சொன்னது மாமாவுக்காக இல்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தபோதே, இல்லையைக் காதால் வாங்கிய அதே நிமிடத்தில், யெல்மி இந்தப் பக்கத்தை யாரிடம் நீட்டுவது என்று முடிவு செய்திருக்கிறாள். மெல்தாவிடமிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சொல். அதை மெல்தாவின் மரியாதையைக் கொண்டே எழுத வைத்தாள்.

பொய் சொல்லச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைத்தாள். பொய் சொல் என்று கேட்பதில் ஒரு சமதளம் இருக்கிறது.

"ஏன் இப்படி முழிக்கிறே? அன்னைக்கு ஒரு பென் டிரைவ் பண்ணியே, அதைப் போட்டதும் எட்டு டிஸ்க்கும் தெரிஞ்சுதே. அது இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? போடு."

எங்கோ இருக்கும் சில பேர், தங்கள் வீட்டுப் பழைய இயந்திரங்களுக்காக, இந்தக் கார்டின் பாஷையைத் தனியாக ஒரு டிரைவராக எழுதி இணையத்தில் வைத்திருந்தார்கள். அதைத்தான் மெல்தா அன்று பென் டிரைவில் ஏற்றினாள். வேலை செய்தது. ஆனால் அது ஓ.எஸ்ஸின் ஒரே ஒரு பதிப்போடு மட்டும் ஒட்டும். அடுத்த அப்டேட் வந்ததும் பிய்த்துக்கொள்ளும்.

வாயால் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம், காட்டிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. பென் டிரைவைச் செருகினாள். டிரைவரை முதலில் ஊட்டினாள். திரை யோசித்தது. பிறகு எட்டு டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தியா" என்றாள் யெல்மி, வாயில் சோற்றோடு. "கெட்டிக்காரிடீ நீ. சும்மா பயந்து சாகுறே."

நாற்பது நிமிடத்தில் ஓ.எஸ். ஏறியது. இயந்திரம் எழுந்து பெயர் கேட்டது. மெல்தா பெயர் கொடுத்து உள்ளே போய், வழக்கமான அப்டேட்டை ஓடவிட்டாள். மாதா மாதம் எந்த சர்வரும் செய்கிற காரியம். முடிந்ததும் மறுபடி துவக்கினாள்.

"இப்ப பாருங்க."

கறுப்புத் திரையில் வரிகள் ஓடி, ஓரிடத்தில் நின்றன. டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது. ஒரு நிமிடம் காத்திருந்தது. இரண்டு நிமிடம். பிறகு காத்திருந்து பயனில்லை என்று அறிவித்துவிட்டு, அவசர நிலை என்று ஒரு வரியைக் காட்டியபடி உட்கார்ந்தது. முன்பக்கத்தில் எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தன.

யெல்மி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "செத்துடுச்சா?"

"பழைய பதிப்பைத் தேர்ந்து எழுப்பினா எழும். அப்டேட் ஆன பதிப்புல எழாது. பக்கத்துல ஆள் இல்லாத நேரம் தானா அப்டேட் ஆகி எழுந்தா, இப்படித்தான் நிக்கும்."

"அப்ப அப்டேட்டை நிறுத்தி வை."

"பழைய ஓ.எஸ்ஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சுன்னுதானே புதுசு கேட்டாங்க. நிறுத்தி வச்சா ரெண்டும் ஒண்ணுதான்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"ஊனி, இது இரத்த வங்கி. ஓ நெகட்டிவ் வேணும்னு ஒருத்தர் வாசல்ல நிக்கும்போது இது இப்படி உக்காந்துச்சுன்னா?"

"உக்கார விடாதே. நீ இருக்கேல்ல? மாசம் ஒரு தடவை வந்து உன் கையால போட்டுட்டுப் போ. அஞ்சு வருஷம் தள்ளினா மெஷினே கிழவியாயிடும்."

"புதுக் கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது ஊனி. நாளைக்கே நானே மாட்டித் தரேன்."

யெல்மி மணிக்கட்டில் இருந்த ரப்பர் வளையத்தை இழுத்து விட்டாள்.  "ஒண்ணா?" என்றாள் பிறகு. "இருபத்திரண்டு."

"என்ன இருபத்திரண்டு?"

"மாமா குடோன்ல இருந்தது இருபத்திரண்டு மெஷின். எல்லாம் இதே கார்டு. மாவட்டத்து கிளினிக் எல்லாத்துக்கும் பேசி முடிச்சாச்சு. இங்க ஒண்ணுல கார்டை மாத்தினா மத்தவங்களும் ஏன்னு கேப்பாங்க."

"அவங்களுக்கும் என் ரிப்போர்ட்டா?"

யெல்மி அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் மெல்தா அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பாள். களைப்புதான் இருந்தது.

"மெல். அந்தச் சரக்கு போகலன்னா எங்கம்மா பேர்ல இருக்கிற வீட்டை மாமா வித்துருவார். நம்ம வீட்டை. நீ இருக்கிற மாடியும் சேர்த்துத்தான். நான் உன்கிட்ட என்னைக்காவது எதாவது கேட்டிருக்கேனா?"

இல்லை. கேட்டதே இல்லை. அதுதான் அவளுடைய பெருந்தன்மை என்று மெல்தா ஐந்து வருடம் நினைத்தாள். கேட்காமலே எடுத்துக்கொள்ள முடிகிறவள் எதற்காகக் கேட்க வேண்டும்? அப்படி நினைத்ததும் அவளுக்கே அது கொடூரமாகப் பட்டது. அந்தச் சாவி பொய் இல்லை. ஐந்து மணித் தண்ணீர் பொய் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் வைத்த கை பொய் இல்லை. அந்தக் கையேதான் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. இரண்டையும் ஒருத்தியாகச் சேர்த்துப் பார்க்க அவள் முயன்றாள். சேரவில்லை.

"அதை எழுப்பி வை" என்றாள் யெல்மி தணிந்த குரலில். "ரெண்டு மணிக்கு டாக்டர் வந்துடுவாங்க."

மெல்தா பழைய பதிப்பைத் தேர்ந்து இயந்திரத்தை எழுப்பினாள். ஏன் எழுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை பழகியிருந்தது. யெல்மி சொன்னால் செய்யும்.

இரண்டு மணிக்கு டாக்டர் ஹெர்லினா வந்தார். முன்கூடத்தில் கல்லூரி மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்ததும் மற்றவர்கள் கைதட்டுவதும் கேட்டது. டாக்டர் கையில் ஒப்படைப்புப் பத்திரம் இரண்டு பிரதி. கீழே ஸ்டாம்ப் ஒட்டித் தயாராக இருந்தது.

"ஓடுதே" என்றார் திரையைப் பார்த்து.

"ஜம்முனு ஓடுது டாக்டர்" என்றாள் யெல்மி. "எட்டு டிஸ்க்கும் தெரியுது பாருங்க."

"அப்ப அந்த பெலும்?"

"வந்தாச்சு."

டாக்டர் சிரித்தார். பத்திரத்தை மேசையில் விரித்து, பொட்டலக் காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். மெல்தா போட்டா நான் போடுறேன். அவ கையெழுத்துப் போடுற இடத்துலதான் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கு."

பத்திரத்தில் ஒரே ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது. இயந்திரத்தின் எல்லா பாகங்களும் இயங்குதளத்தால் முழுமையாக ஆதரிக்கப்படுகின்றன என்பதைக் கீழே கையொப்பமிட்டவர் சோதித்து உறுதி செய்கிறார். கீழே கையொப்பமிட்டவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயர் அச்சடிக்கப்பட்டிருந்தது. அந்த அச்செழுத்து யெல்மி வழக்கமாகப் பயன்படுத்துவது; பத்திரத்தை அடித்தது அவள்தான் என்று மெல்தாவுக்குத் தெரிந்தது.

மாடி அறையின் ஜன்னலை நினைத்தாள். அதை நினைக்காமல் இருக்க முடியும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. நினைத்து, அதன் பாரத்தை முழுதாக ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.

யெல்மி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "போடுடீ. டாக்டருக்கு வேலை இருக்கு."

மெல்தா பத்திரத்தைக் கையில் எடுக்கவில்லை. இரண்டு விரலால் அதன் ஓரத்தைத் தொட்டு டாக்டர் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள்.

"மெல்" என்றாள் யெல்மி. அந்தக் குரல் அவளுக்கு மட்டும் கேட்பதற்கானது. "ஒரு கையெழுத்துதானே."

"இதுல நான் கையெழுத்துப் போடல ஊனி" என்றாள் மெல்தா. பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வருகிறவர்களைக் கையால் மறித்துச் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.